கல்லா யாருடையது?

கேசினோ என்ற சூதாட்ட விடுதிகள் இருக்கும் கோவா போய்விட்டு வருகிறவர்களும் கொழும்பு போய்விட்டு வருகிறவர்களும் சேலத்தில் இறங்கியதும் ஒரே பேச்சைத்தான் பேசுகிறார்கள். "ஏற்காட்டுல ஒரு கேசினோ திறந்தா போதும், நம்ம ஊரே எங்கயோ போயிடும்." லீ பஜாரில் மண்டி வைத்திருக்கும் ஒருவர் சொன்னார். ஏற்காடு ஏரிக்குப் பக்கத்தில் சின்னதாக லாட்ஜ் நடத்தும் நண்பர் சொன்னார். காபி விலையையும் மிளகு விலையையும் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன எஸ்டேட்காரர்கள்கூடச் சொல்கிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. திங்கள் முதல் வெள்ளி வரை பூட்டிக் கிடக்கும் அறைகளையும், பன்னிரண்டாவது முடித்த கையோடு பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறும் மலைப் பிள்ளைகளையும் பார்த்துத்தான் சொல்கிறார்கள். அதனால் "சூது கெட்டது" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. கணக்காகவே பேசிப் பார்க்கலாம்.

நான் நகைக்கடன் கொடுக்கும் இடத்தில் மதிப்பீட்டாளர். உரைகல்லில் உரசி, ஆசிட் விட்டுப் பார்த்து, கல் எடையும் அரக்கு எடையும் கழித்து, இவ்வளவு கிராம் இவ்வளவு கேரட் என்று எழுதிக் கொடுப்பது வேலை. ஊருக்குள் பணம் எப்படி ஓடுகிறது என்பதை இந்த மேஜையில் உட்கார்ந்தவன் வேறு யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஜூன் மாதம் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு நகை வரும். நடவுக்கு வரும், ஆஸ்பத்திரிக்கு வரும். அந்த நகையெல்லாம் பெரும்பாலும் திரும்பிப் போகும். குச்சிக்கிழங்கு வெட்டி ஜவ்வரிசி மில்லுக்கு அனுப்பியதும் ஆத்தூர்ப் பக்கத்து விவசாயி வந்து மீட்டுக்கொண்டு போவார், அவர் முகத்தைப் பார்த்தே வெள்ளாமை எப்படி என்று சொல்லிவிடலாம். இன்னொரு வகை நகை இருக்கிறது. முதலில் ஒரு சங்கிலி வரும். அது மீட்கப்படாமலே அடுத்த மாதம் கம்மல் வரும், அப்புறம் குழந்தைக்குப் பெயர் வைத்தபோது போட்ட மோதிரம், கடைசியில் தாலிக்கயிற்றிலிருந்து கழற்றிய குண்டும் காசும் ஒரு காகிதத்தில் மடித்து வரும். படிவத்தில் எல்லாவற்றுக்கும் "குடும்பச் செலவு" என்றுதான் எழுதியிருக்கும். நாங்களும் எதற்கு என்று துருவிக் கேட்பதில்லை. ஆனால் வந்த வரிசையே சொல்லிவிடும்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், சேலத்துக்குச் சூதாட்டம் வந்தால் என்ன ஆகும் என்று நாம் கற்பனை செய்ய வேண்டியதே இல்லை. வந்து பல வருஷம் ஆகிறது. கேசினோ என்ற கட்டடம்தான் இன்னும் இல்லை.

மூன்று நம்பர் லாட்டரியைச் சொல்கிறேன். 1968-ல் அண்ணா முதல்வராக இருந்தபோது தமிழ்நாட்டில் அரசு லாட்டரி தொடங்கியது, "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்ற வாசகம் இன்றைக்கும் பெரியவர்கள் வாயில் இருக்கிறது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா ஆட்சியில் எல்லா லாட்டரியும் தடை செய்யப்பட்டது. (அதே ஆண்டு நவம்பரில்தான் மதுச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் கையில் எடுத்தது. ஒரு கதவைச் சாத்திய கையோடு இன்னொரு கதவு திறந்த ஆண்டு அது, அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.) கேரளாவில் 1967-ல் தொடங்கிய அரசு லாட்டரி இன்றும் நடக்கிறது. தினமும் மதியம் மூன்று மணிக்குக் குலுக்கல். நம் ஊர் ஆட்கள் அந்த முடிவின் கடைசி மூன்று எண்களை எடுத்துக்கொண்டு இங்கே தனியாக ஒரு வியாபாரம் நடத்துகிறார்கள். முன்பெல்லாம் துண்டுச் சீட்டு, இப்போது பெரும்பாலும் வாட்ஸ்அப்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறையில் மதியம் மூன்று மணிக்கு உட்கார்ந்து பார்த்தால் இது புரியும். வெள்ளிக் கம்பியை வளையமாகச் சுற்றி, ஒவ்வொன்றாகப் பற்றவைத்துக்கொண்டிருக்கும் கை திடீரென்று நிற்கும். கேஸ் ஜுவாலையைக் குறைத்து வைத்துவிட்டு போனை எடுப்பார்கள். நான் பக்கத்தில் இருந்த அன்று, நாற்பது வயது இருக்கும், கட்டை விரல் நகம் முழுக்கக் கறுத்த ஒரு ஆசாரி, திரையைப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காகிதத்தை எடுத்துப் பார்த்தார், போனைக் கவிழ்த்து வைத்தார். பேச்சில்லை. ஜுவாலையைக் கூட்டிக்கொண்டு விட்ட வளையத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார். அந்தப் பட்டறையில் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் அந்த ஐந்து நிமிஷத்தில் அதேபோலப் போனைக் கவிழ்த்தார்கள்.

இதன் கணக்கு ரொம்ப எளிது. 000 முதல் 999 வரை மொத்தம் 1,000 எண்கள். ஒரு பேச்சுக்கு, சீட்டு 50 ரூபாய், மூன்று எண்ணும் சரியாக விழுந்தால் 25,000 ரூபாய் என்று வையுங்கள். ஆயிரம் எண்ணையும் ஆயிரம் பேர் வாங்கினால் வசூல் 50,000. கொடுப்பது 25,000. பாதிக்குப் பாதி நடத்துகிறவருக்கு. இனி சட்டப்படி நடக்கும் ஒரு கேசினோவின் ரூலட் மேஜையைப் பாருங்கள், சுற்றும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணுள்ள குழியில் விழும் என்று காசு வைக்கும் ஆட்டம் அது. ஐரோப்பிய வகைச் சக்கரத்தில் 37 குழிகள். ஒரு எண்ணில் வைத்து அது விழுந்தால், வைத்த காசும் அதற்கு மேல் 35 மடங்கும் கிடைக்கும். 37 ரூபாய் போட்டால் சராசரியாக 36 ரூபாய் திரும்பி வருகிறது என்று அர்த்தம். கேசினோவுக்கு நிற்பது நூற்றுக்கு 2 ரூபாய் 70 பைசா. அமெரிக்கச் சக்கரத்தில் 38 குழி, அங்கே நூற்றுக்கு 5 ரூபாய் 26 பைசா. உலகத்தில் எந்தக் கேசினோக்காரனும் கூசாமல் வைக்க முடியாத விகிதத்தை நம் தெருவில் துண்டுச் சீட்டுக்காரர் வைத்துக்கொண்டு நடத்துகிறார்.

"அப்போ கேசினோவே மேல் இல்லையா?" என்று மண்டிக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு ஆட்டத்துக்கு என்று பார்த்தால் மேல்தான். ஆனால் ரூலட் சக்கரம் ஒரு நாளைக்கு ஒரு தடவை சுற்றுவதில்லை. மணிக்கு நாற்பது தடவை சுற்றுகிறது என்று வைத்து, தடவைக்கு 100 ரூபாய் வைத்தால், ஒரு மணி நேரத்தில் அதே காசு சுற்றிச் சுற்றி 4,000 ரூபாய்க்கு ஆடியிருப்பீர்கள். அதில் 2.70 சதவீதம் 108 ரூபாய். கையில் 1,000 ரூபாயோடு உட்கார்ந்தவர் பத்து மணி நேரம் உட்கார்ந்தால், சராசரிப்படி எழுந்து வரும்போது பை காலி. இதோடு வரி வேறு. 2023 அக்டோபர் முதல் கேசினோவில் சிப்ஸ் (காசுக்குப் பதிலாக மேஜையில் வைக்கும் வில்லைகள்) வாங்கும் தொகை மேல் 28 சதவீதம் ஜிஎஸ்டி இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதம்.

சரி, அந்த வரியாவது ஊருக்கு வருமா? ஜிஎஸ்டியில் பாதி டெல்லிக்கு, பாதி சென்னைக்கு. ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்துக்கு நேராக ஒரு பைசா இல்லை. ஆனால் சாக்கடையும் குப்பையும் தெருவிளக்கும் கோடையில் தண்ணீர் லாரியும் அந்த ஒன்றியத்தின் தலையில்தான்.

இந்த இடத்தில்தான் என் வாதம் முழுவதும் இருக்கிறது. ஒரு ஊருக்குச் சூதாட்டம் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. மேஜையில் விழுவது யார் பணம், கல்லா யாருடையது, இந்த இரண்டையும் கேட்க வேண்டும். வெளியூர்க்காரன் வந்து ஆடி, கல்லா உள்ளூர்க்காரனுடையதாக இருந்தால் ஊருக்குள் பணம் வருகிறது. உள்ளூர்க்காரன் ஆடி, கல்லா வெளியூரில் இருந்தால் ஊர் வற்றுகிறது. சனிக்கிழமை கூலி வாங்கும் பட்டறைக்காரர் அம்மாப்பேட்டை மளிகைக் கடையில் பாக்கியைத் தீர்க்கிறார், அரைக் கிலோ கறி எடுக்கிறார், பிள்ளையின் டியூஷன் டீச்சருக்குக் கொடுக்கிறார். கறிக்கடைக்காரர் அதை எடுத்துப் போய் மகளுக்குக் கொலுசு வாங்குவார், அது மறுபடி பட்டறைக்கே வரும். அந்தக் கூலியில் 500 ரூபாய் மூன்று நம்பருக்குப் போனால் ஏஜென்ட் கமிஷன் மட்டும் தெருவில் நிற்கும், மீதி எங்கோ இருக்கும் ஒருவரிடம் போய்விடும். மளிகைக் கடைப் பாக்கி அப்படியே நிற்கும். கடைக்காரர் மண்டியில் சொல்லும் சரக்கு குறையும். மண்டிக்காரரே, இது உங்கள் கணக்கும்தான்.

மலை ஊரில் கேசினோ வைத்துப் பிழைக்க முடியுமா என்று பார்க்க விரும்புகிறவர்கள் கோவாவைப் பார்ப்பதைவிடத் தென் கொரியாவைப் பார்க்க வேண்டும் என்பேன். கங்வொன் மாகாணத்தில் ஜோங்சொன் என்ற மாவட்டம், அதில் சாபுக் என்ற ஊர். நிலக்கரி வெட்டிப் பிழைத்த மலை ஊர். 1980களின் கடைசியிலிருந்து சுரங்கங்களை ஒவ்வொன்றாக மூடினார்கள். ஊரே வேலையில்லாமல் நின்றது, மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள், 1995-ல் மூடிய சுரங்கப் பகுதிகளுக்கென்று ஒரு சிறப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் பலத்தில் 2000-ல் கங்வொன் லேண்ட் என்ற கேசினோ திறந்தது. கொரியாவில் மற்ற கேசினோக்களில் வெளிநாட்டுக்காரர்கள் மட்டும்தான் ஆடலாம், கொரியர்கள் ஆட அனுமதி உள்ளது நாடு முழுக்க இது ஒன்றில்தான். பெரும்பான்மைப் பங்கு அரசு அமைப்புகளிடமும் உள்ளாட்சிகளிடமும் இருக்கிறது. நண்பர்கள் ஆசைப்படும் எல்லாமே அங்கே இருக்கிறது: போட்டி கிடையாது, பணம் தலைநகரிலிருந்து வருகிறது, கல்லாவில் ஊருக்கும் பங்கு இருக்கிறது, சட்டமே அந்த ஊருக்காகப் போட்டது.

வேலை வந்தது, ஆயிரக்கணக்கில். ஓட்டல் வந்தது, பனிச்சறுக்கு மைதானம் வந்தது. அதை யாரும் மறுக்க முடியாது. கூடவே சாபுக்கின் தெருக்களில் அடகுக் கடைகள் வரிசையாக வந்தன. நகை மட்டுமில்லை, ஆடுவதற்கு ஓட்டிக்கொண்டு வந்த காரையே அடகு வைத்துவிட்டுப் போகிறவர்கள் அங்கே உண்டு, மீட்க ஆள் வராத கார்கள் தூசி படிந்து வரிசையாக நிற்கின்றன. என் தொழிலில் இருக்கிறவனுக்கு அதைப் படிக்கும்போது வயிற்றைப் பிசையும். நகையை வைத்தவர் குறைந்தபட்சம் பஸ் ஏறி வீட்டுக்குப் போவார், இவர்கள் எதில் ஏறிப் போனார்கள்? கொரியர் ஒருவர் மாதத்துக்கு 15 நாட்களுக்கு மேல் உள்ளே வரக்கூடாது என்று வரம்பு வைக்க வேண்டியதாயிற்று. சூதுக்கு அடிமையானவர்களுக்கு ஆலோசனை மையத்தையும் 2001-லேயே அதே நிறுவனம் தொடங்க வேண்டியதாயிற்று. எந்த ஊர் காலியாகக் கூடாது என்று இதையெல்லாம் செய்தார்களோ அந்த மாவட்டத்தில் 1970களின் கடைசியில் 1,30,000 பேருக்கு மேல் இருந்தார்கள், இன்றைக்கு 40,000 பேருக்கும் குறைவு. கேசினோ இல்லாவிட்டால் இன்னும் வேகமாகக் காலியாகியிருக்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு, அதிலும் உண்மை இருக்கலாம். ஆனால் பிள்ளை குட்டியோடு குடியிருக்க நினைக்கிறவர்கள் அடகுக் கடைத் தெருவைத் தேடி வருவதில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு கதையும் இருக்கிறது, அதை மறைத்துவிட்டுப் பேசினால் நான் நேர்மையாகப் பேசவில்லை என்று ஆகும். அமெரிக்காவில் வட கரோலினா மலைகளில் செரோக்கிப் பழங்குடியினர். 1988-ல் வந்த சட்டத்தின்படி பழங்குடிகள் தங்கள் நிலத்தில் சூதாட்ட விடுதி நடத்தலாம். 1997-ல் அவர்கள் கேசினோ திறந்தார்கள். நிர்வாகம் செய்ய வெளிக் கம்பெனி வந்தது, ஆனால் சொந்தக்காரர்கள் பழங்குடி மக்கள். லாபத்தில் பாதி அவர்களுடைய அரசாங்கத்துக்கு, மீதிப் பாதி எல்லா உறுப்பினருக்கும் சமமாக, ஆண்டுக்கு இரண்டு தடவை. 2001 வாக்கில் அது ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 6,000 டாலர். அந்தப் பகுதிப் பிள்ளைகளின் மனநலத்தை ஜேன் காஸ்டெல்லோ என்ற ஆய்வாளரின் குழு அதற்கு முன்பிருந்தே தொடர்ந்து பார்த்துக்கொண்டு வந்தது. 2003-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு, வறுமையிலிருந்து மேலே வந்த குடும்பங்களில் பிள்ளைகளின் முரட்டுத்தனமும் நடத்தைக் கோளாறுகளும் குறைந்தன என்றது. கல்லா யாருடையது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

அப்படியும் சுற்றுவட்டாரத்துக்கு ஒரு விலை இருக்கிறது. வில்லியம் எவன்ஸும் ஜூலி டொபொலெஸ்கியும் 2002-ல் பழங்குடிக் கேசினோக்களைப் பற்றிச் செய்த ஆய்வில், திறந்து நான்கு ஆண்டுகளில் பழங்குடிகளிடையே வேலைவாய்ப்பு 26 சதவீதம் உயர்ந்திருந்தது, அதே சமயம் கேசினோ உள்ள கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) திவால் மனுக்களும் வன்முறைக் குற்றமும் வாகனத் திருட்டும் 10 சதவீத அளவுக்கு ஏறியிருந்தன. மேலே இருப்பவனுக்கு வேலை, கீழே இருப்பவனுக்குக் கடன். ஏற்காட்டையும் சேலத்தையும் மனதில் வைத்துக்கொண்டு அந்த வரியைப் படியுங்கள்.

கெந்திங் மலை பற்றி மலேசியாவில் உறவுக்காரர்கள் உள்ள எல்லோரும் சொல்வார்கள். லிம் கோ தோங் என்ற தொழிலதிபர் 1960களில் அங்கே காட்டை வெட்டிச் சாலை போட்டு, 1969-ல் கேசினோ உரிமம் வாங்கி, 1971-ல் திறந்தார். கிட்டத்தட்ட 6,000 அடி உயரம், குளிர், மேகம், எல்லாம் நம் ஆசைக்குப் பொருத்தம்தான். ஆனால் மலேசியாவில் சட்டப்படி உள்ள ஒரே கேசினோ அது. தனி உரிமை இருக்கும்வரைதான் இந்தத் தொழிலில் கொழிக்க முடியும். அட்லாண்டிக் சிட்டியில் 1978-ல் முதல் கேசினோ திறந்தபோது அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வேறு இடமே கிடையாது. 2006-ல் பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா திறந்ததும் சரிவு ஆரம்பித்தது. 2014 என்ற ஒரே ஆண்டில் நான்கு கேசினோக்கள் மூடி, சுமார் 8,000 பேர் வேலை இழந்தார்கள். ஏற்காட்டுக்குக் கொடுத்தால் ஊட்டியும் கொடைக்கானலும் கேட்காமல் இருக்குமா, கர்நாடகம் சும்மா இருக்குமா?

இனி நம் மலைக்கு வருகிறேன். ஏற்காட்டுக்கு யார் வருகிறார்கள்? சனி ஞாயிறு அஸ்தம்பட்டி தாண்டி, அடிவாரம் தாண்டி, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் வண்டிகளைப் பாருங்கள். சேலம், நாமக்கல், ஈரோடு, தர்மபுரி, கொஞ்சம் பெங்களூர். சேலத்திலிருந்து 30 கிலோமீட்டர்தான், காலையில் போய்விட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். ஏழைகளின் ஊட்டி என்று பெயர் வந்ததே அதனால்தான். அங்கே கேசினோ வைத்தால் மேஜையில் உட்காரப் போவது சீனாவின் கேசினோ நகரமான மக்காவ் போகும் சீனக் கோடீஸ்வரன் இல்லை. நாமக்கல் லாரிக்காரர், கொண்டலாம்பட்டி தறி முதலாளி, செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வியாபாரி. பட்டறைக்கு வெள்ளி கொடுத்துக் கொலுசாக வாங்கும் வியாபாரி ஒரு ராத்திரியில் தோற்றால், மறுநாள் அவரை நம்பி இருக்கும் பட்டறைகளுக்கு வெள்ளி வராது, அவ்வளவு பேருக்கும் அந்த வாரம் கூலி இல்லை. வெளியூர்ப் பணம் உள்ளே வருவதாகச் சொல்லப்படும் இடத்தில், நம் பணமே மலை ஏறி, அங்கிருந்து கல்லா வைத்திருப்பவர் ஊருக்குப் போகும்.

நேபாளத்தில் நேபாளிகள் கேசினோவில் ஆடக்கூடாது. சிக்கிமில் உள்ளூர் மக்களுக்குத் தடை. கோவா அரசும் 2020-ல் கோவாக்காரர்கள் உள்ளே போகக்கூடாது என்றது. 2010-ல் இரண்டு கேசினோக்களைத் திறந்த சிங்கப்பூர் தன் குடிமக்களிடம் நுழைவதற்கே 100 சிங்கப்பூர் டாலர் வாங்கியது, 2019-ல் அதை 150 ஆக்கியது. இலங்கையும் தன் குடிமக்களிடம் டாலர் கணக்கில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறது. கேசினோ வைத்துச் சம்பாதிக்கும் அரசுகளே தங்கள் ஆட்களை உள்ளே விடாமல் இப்படிக் கதவில் நிற்கின்றன. ஏற்காட்டில் அப்படி ஒரு விதி போட்டால், சேலம், நாமக்கல், ஈரோட்டுக்காரர்களைக் கழித்துவிட்டால், வார நாளில் மேஜைக்கு ஆள் ஏது?

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஜீப் ஓட்டும் ஒரு தம்பியிடம் இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். மலையாளி என்ற இந்த மலைப் பழங்குடி (கேரளக்காரர் இல்லை), டிகிரி முடித்தவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிங்கண்ணா, எங்க பசங்க எங்க போறது?" என்றார். இதற்கு என்னிடம் உடனடியாகப் பதில் இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவரிடமே கேட்டேன், "இப்ப இருக்கிற பெரிய ரிசார்ட்ல உங்க ஊர் ஆளுங்க என்ன வேலை பாக்கறாங்க?" வாட்ச்மேன், தோட்ட வேலை, அறை கூட்டுவது, சமையலறையில் பாத்திரம். மேனேஜர் வெளியூர், கணக்கு வெளியூர், முதலாளி சென்னை அல்லது பெங்களூர். காபி இந்த மலைக்கு வந்து இருநூறு வருஷம் ஆகிறது, 1820களில் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்தது, அந்த இருநூறு வருஷமும் தோட்டம் ஒருவருடையது, கூலி இன்னொருவருடையது. கேசினோ வந்தால் மட்டும் அது எப்படி மாறும்? நிலத்தின் விலை ஏறும், அது நிச்சயம். ஏறிய விலைக்கு விற்கும் நிலை யாருக்கு, விற்றுவிட்டு அடிவாரத்தில் வாடகைக்கு வந்து நிற்கும் நிலை யாருக்கு என்பதையும் அந்தத் தம்பி நன்றாகவே அறிவார்.

செரோக்கி மாதிரி, மலையாளி மக்களே சொந்தக்காரர்கள், லாபத்தில் பாதி ஒவ்வொரு வீட்டுக்கும், மீதி ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் மலைக் கிராமச் சாலைக்கும் என்று சட்டத்திலேயே எழுதி ஒருவர் வந்தால், நான் உட்கார்ந்து பேசத் தயார். அப்போதும் அடிவாரத்துக் குடும்பங்களைப் பற்றிக் கேட்பேன். ஆனால் கேசினோ வேண்டும் என்கிற நண்பர்கள் யாரும் அப்படி ஒரு திட்டத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்கள் சொல்வது ஐந்து நட்சத்திர ஓட்டல், அதற்குள் கேசினோ, அதைச் சுற்றி நமக்கு வியாபாரம் என்பதுதான். கேசினோ நடத்துகிறவர்கள் உள்ளேயே சாப்பாடு, உள்ளேயே குடி, உள்ளேயே பாட்டுக் கச்சேரி என்று வைப்பது, வந்தவர் வெளியே போகக்கூடாது என்பதற்காக. வாசலில் மிளகாய் பஜ்ஜி போடும் அக்காவுக்கு அதில் என்ன வரப்போகிறது?

கட்டடம் இல்லாத கேசினோ ஒன்றையும் நாம் பார்த்துவிட்டோம். ஆன்லைன் ரம்மி. அதை அடைக்க நாம் பட்ட பாடு: 2020 நவம்பரில் அவசரச் சட்டம், 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதன் இடத்தில் வந்த சட்டத்தை ரத்து செய்தது, 2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு, அந்த அக்டோபரில் மறுபடியும் சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பி, சட்டமன்றம் இரண்டாம் தடவை நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் ஒப்புதல், நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று நீதிமன்றம் அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டது, 2025-ல் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடக்கூடாது என்று விதி, கடைசியில் 2025 ஆகஸ்டில் மத்திய அரசே பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடை செய்து சட்டம் கொண்டுவந்தது. 45 கோடிப் பேர் ஆண்டுக்குச் சுமார் 20,000 கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்று மத்திய அரசே அப்போது கணக்குச் சொன்னது.

அந்த ஐந்து வருஷத்தில் என் மேஜைக்கு வந்த ஒரு பெண்ணைச் சொல்கிறேன். வளையலை எடுத்து வைத்துவிட்டு, நான் கேட்காமலே வீட்டுக்காரரின் பாஸ்புக்கையும் விரித்து வைத்தார். ஒரே தேதியில் பதினேழு வரிகள். 500, 500, 1,000, 500, 200. சம்பளம் வந்த அதே தேதி. "இது என்னன்னு பாத்துச் சொல்லுங்கண்ணா, கடைக்குக் கட்டின காசுங்கறாரு" என்றார். எந்தக் கடைக்காரர் ஒரு நாளில் பதினேழு தடவை காசு வாங்குவார்? வளையல் 16 கிராம், நல்ல 22 கேரட். எழுதிக் கொடுத்தேன். வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இன்றைக்கும் தெரியவில்லை. நெசவோ பட்டறையோ, இந்த ஊரில் ஒரு குடும்பம் 16 கிராம் தங்கம் சேர்க்க எத்தனை தீபாவளி போனஸ் ஆகும் என்று யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆன்லைன் ரம்மியாவது மேலே இருப்பவர்கள் கண்ணில் பட்டது. மூன்று நம்பரில் மாட்டுவது இன்றும் துண்டுச் சீட்டு விற்கும் ஆள்தான், ஜாமீனில் வந்து அடுத்த தெருவில் உட்கார்ந்துவிடுகிறார், வசூல் போய்ச் சேரும் இடம் அப்படியே இருக்கிறது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் நகைத் தொழிலாளி ஒருவர், மனைவி, மூன்று பெண் குழந்தைகள் என ஒரு குடும்பமே போனது இதனால்தான். அவரும் எங்கள் தொழில்காரர். இந்த மூன்று நம்பரை அடியோடு நிறுத்துவது, இருக்கும் வியாபாரத்தை ஊருக்குள்ளேயே சுற்ற விடுவதற்கு எந்தக் கேசினோவையும்விடச் சீக்கிரமான வழி. சிங்கப்பூரில் குடும்பத்தார் மனுக் கொடுத்தால் அந்த ஆளைக் கேசினோக்களுக்குள் விடமாட்டார்கள், கணவனுக்கு எதிராக மனைவியே மனுக் கொடுக்கலாம். நம் ஊர் மனமகிழ் மன்றங்களின் சீட்டு மேஜைக்கு அப்படி ஒரு விதி கேட்டு யாராவது முதலில் எழுத வேண்டும், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

பட்டறை முதலாளிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முன்பணம் கேட்டு வாராவாரம் வரும் ஆள் யார் என்று உங்களுக்குத் தெரியும். கொடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை, கொடுத்தால் வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டு அவர் கையில் கொடுங்கள். வீட்டில் நகை வரிசையாகக் குறைவதைப் பார்க்கிறவர்கள் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம், அரசின் இலவச மனநல உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். சங்கிலியோடு என் மேஜைக்கு வருவதற்கு முன்னால் அதைச் செய்யுங்கள்.